டேங்கின் இடது பக்கம்

பெயிண்ட் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

பைக்கிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்கில் பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தடவி, கிழித்த எண்ணெய்க் கவர்களை மேலே போர்த்தியிருந்தாள். அடியில் சிவப்பு நிறம், ஆறிய பாலின் ஆடைபோல மடிந்து மடிந்து எழுந்தது.

தோசைக்கரண்டியின் ஓரத்தைத் தீட்டிக் கூராக்கிக் கொடுத்தவன் அவன். அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி அறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவள் அவள்.

டேங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மனைவிக்கும் வண்டி ஆசை வந்துவிட்டதே என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

மொட்டை மாடியின் மறுபக்கம் பழைய கிரைண்டர் தடதடத்தது. குழவியை எடுத்துவிட்டு, சல்லிக்கற்களைக் கொட்டிச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, வண்டியின் போல்ட்டுகளை உள்ளே போட்டுத் துரு போக ஓடவிட்டிருந்தான். அவ்வப்போது ஒன்றை எடுத்து, லுங்கியில் துடைத்து, அவளிடம் ஓடிவந்து காட்டுவான். வெள்ளியாட்டம் மின்னும். இரும்புக்கு இவ்வளவு சந்தோஷப்படும் மனிதனை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

வண்டியின் சிவப்பு மங்கிவிட்டது. கருப்பு அடிக்கப்போகிறான்.

போர்வெல் லாரியோடு வடக்கே போனால் வர மாதக்கணக்கில் ஆகும். வந்ததும் முதலில் வண்டியைப் பார்ப்பான், அப்புறம்தான் அவளை. கல்யாணத்துக்கு முன்பே புதிதாக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஒரு கீறல் விழாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். மச்சினனுக்குக்கூடச் சாவி கிடையாது. நான் ஓட்டிப் பழகட்டுமா என்று அவள் கேட்டபோது, கீழே போட்டுவிட்டால் மனசு தாங்காது என்று சொல்லி ஒரு ஸ்கூட்டி வாங்கித் தந்தான்.

அவன் சத்தீஸ்கரில் இருந்த ஒரு மழைக்காலத்தில் அவள் சாவியை எடுத்தாள்.

சந்தை கூடாத நாளில் திடல் காலியாகக் கிடக்கும். முதல் கியர். இரண்டாவது கியர். அப்படியொரு வேகத்தைத் தன் கையில் அவள் பிடித்ததே இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும்போதுதான் வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஹேண்டில் மடங்கி டேங்கில் இடித்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

பெயிண்டர் மாரப்பன் பட்டி வைத்துப் பள்ளத்தை அடைத்து, அதே சிவப்பை அடித்துக் கொடுத்தார். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவராகவே சொன்னார். ஊர் திரும்பியவன் வண்டியைச் சுற்றிவந்து, டேங்கைத் தடவி, அப்படியே வைத்திருக்கிறாயே என்று பாராட்டினான். அவள் அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தாள்.

இன்றைக்குப் பெயிண்ட் உரிந்தால் பட்டி வெளியே தெரிந்துவிடும்.

அதற்கும் வழி வைத்திருந்தாள். இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கும் ரெட் ஆக்சைடு டின் பக்கத்திலேயே திறந்திருந்தது. அவன் பார்ப்பதற்குள் ஒரு பூச்சு. அப்புறம் இரும்பு எது, பட்டி எது என்று யாருக்குத் தெரியும்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கவரை உரித்தாள். கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு கரண்டியால் தள்ளினாள். சிவப்பு சுருள் சுருளாக வந்தது. நெடி மூக்கில் ஏறியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை போர்வெல் போடும் அவனுக்கு மட்டுமே உரியதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டி தெரிந்தது. வெளிர்மஞ்சள். அவளுடையது.

ஓரத்தில் மருந்து இறங்கி, லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். கரண்டியைக் கொடுத்து நெம்பினாள். மொத்தமாகப் பெயர்ந்து மடியில் விழுந்தது.

அடியில் பழைய சிவப்பு. அவள் விழுந்த அன்று வெடித்தது. வெடிப்பில் கரண்டி நுழைந்தது. சிவப்பு உதிர்ந்தது.

அதற்கும் அடியில் இரும்பு இல்லை.

இன்னொரு பட்டி.

கருஞ்சாம்பல் நிறம். கல் மாதிரி கெட்டி. மாரப்பன் வைத்தது அல்ல. அவள் வண்டியைத் தொடுவதற்கு முன்பே யாரோ வைத்தது.

அதே இடம். அதே உள்ளங்கை அகலம். திரும்பும்போது இடப்பக்கம் விழுந்தால் ஹேண்டில் இடிக்கும் இடம் அது ஒன்றுதான்.

புது வண்டி பட்டி வைத்துக்கொண்டு கடையிலிருந்து வராது. சாவி வேறு யாரிடமும் போனதும் இல்லை.

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு கீறல் விழாத வண்டி!

ரெட் ஆக்சைடு டின்னை மூடினாள். அழுத்தி மூடினாள்.

டேங்கைக் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் கிரைண்டரின் சுவிட்சை அணைத்தாள்.

அவன் நிமிர்ந்தான். சோப்புத் தண்ணீர் சொட்டும் விரல், தேடாமலே அந்தச் சாம்பல் பட்டியின் மேல் போய் நின்றது.

அவள் மறு கையை விரித்தாள். மஞ்சள் துண்டு.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"நீ எங்க புள்ள உழுந்தே?"

"மொதல்ல நீங்க சொல்லுங்க."

அவன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். நீளமான கதை போலிருந்தது.

அவளுக்கு அவசரம் இல்லை. சாவியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.