பைப் மேஸ்திரியின் கை

ராஜேந்திரனுக்குக் குளிர் ஏறி, இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடியது.

ஆப்பரேஷன் முடிந்து தேறி வந்த பிள்ளை. வயிற்றுக்குள் சீழ் வைத்திருக்கும், மறுபடி திறந்து பார்க்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். இன்னொரு தரம் கத்தி வைத்தால் தாங்குவானா என்று கேட்டதற்குக் கேஸ் ஷீட்டைத்தான் புரட்டினார்.

கேட்டவர் அவனுடைய அப்பா துளசிராமன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பைப் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்கார துரைக்கே வளையாத முதுகு என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் கட்டிக் காத்த குடும்ப மானத்தில் பாதி, எச்சில் சமாசாரம். வீட்டில் யாரும் சொம்பில் வாய் வைக்கக்கூடாது. மருமகள் லீலா ஒரு நாள் மறந்துபோய் வாய் வைத்துக் குடித்ததற்கு, ஆண்டர்சன்பேட்டையிலிருந்து சம்பந்தியை வரவழைத்து நியாயம் கேட்டவர். இங்கேயும் காலையில்தான் நர்ஸ் டெய்சியிடம் டம்ளருக்காகச் சண்டை பிடித்திருந்தார்.

“கையில மருந்து ஏர்ற ட்யூப யாருனா தொட்டீங்களா?” என்றாள் டெய்சி.

லீலா மாமனாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, “நான்தான் சிஸ்டர்” என்றாள்.

துளசிராமனுக்குச் சுர்ரென்றது. அவர் வீட்டுப் பெண் நாலு பேர் எதிரில் பொய் சொல்வதா?

“இன்னாம்மா நீ, சும்மா இரு. எங்க வூட்ல பொய் கெடையாது சார். நான்தான் கழட்டினேன். சொட்டு நின்னு போச்சி. சொரங்கத்து லெவல்ல எத்தினி பைப் பாத்த கை! ட்யூப் மூட்டக் கழட்டி, தொடச்சி மாட்டினேன். ஜோரா ஓடிச்சி.”

“எதால தொடச்சீங்க, பெரியவரே?”

“சலவைத் துண்டு சார்.” அதையும் தோளிலிருந்து எடுத்துக் காட்டினார்.

டாக்டர் யோசித்தார். வெளுத்த துண்டால் இவ்வளவு குளிர் வராது, வயிற்றையே பார்த்துவிடலாம் என்றார். ஸ்ட்ரெச்சர் வந்து கட்டிலை ஒட்டி நின்றது.

சுரங்கத்துக்குள் மூட்டு மாட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துளசிராமன் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள்.

துரைக்கு வளையாத முதுகு வளைந்து, கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“தொடச்சிட்டு... எச்சி தொட்டுத்தான் சார் மாட்டினேன்.”

குளிர் அந்த எச்சிலால்தான், வயிற்றால் இல்லை என்று டாக்டர் கையைக் காட்ட, ஸ்ட்ரெச்சர் பின்னால் போனது. டெய்சி ட்யூபை உருவக் குனிந்தாள்.

துளசிராமனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. லீலா சொம்பை நீட்டினாள்.

“பரவால்ல மாமா, வாய் வச்சே குடிங்க.”