ரேகை பொருந்தவில்லை

"ரேகை பொருந்தவில்லை" என்றது வாசல் இயந்திரம், தூக்கத்தில் பேசுகிற குரலில்.

துறைமுகத்தில் அன்று அப்படியொரு மூடுபனி. கத்தி இருந்தால் துண்டு போட்டு விற்றிருக்கலாம். கிரேன்களுக்குக் கால் இல்லை, லாரிகளுக்குத் தலை இல்லை. வரிசையில் நின்றவர்கள் வெறும் குரல்களாக மிதந்தார்கள்.

கயிற்றுக்காரர் அடையாள அட்டையை மறுபடி காட்டி, விரலை வைத்தார். வருகிற கப்பலைக் கயிறு போட்டுக் கரையோடு கட்டுவது அவர் வேலை.

"பொருந்தவில்லை."

"யோவ், கையை வீட்லயே மறந்துட்டு வந்துட்டியா?" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கயிறு தின்னுடுச்சுய்யா அவரு ரேகைய" என்றது இன்னொன்று.

பார்த்தால் தின்றிருக்கும் என்றுதான் தோன்றும். சோப்பைப் பிடித்தால் அது வழுக்கிப் பக்கத்து வீட்டில் போய் விழும், அப்படிப்பட்ட உள்ளங்கை.

மூன்று முறை பொருந்தாவிட்டால் கூண்டிலிருக்கும் காவலர் விசாரிக்க வேண்டும். 'இவர் அவரில்லை' என்று காவலர் ஒரு பொத்தானைத் தட்டினால் அட்டை செத்துவிடும். புது அட்டை வரும்வரை வேலை கிடையாது.

மூன்றாவது முறையும் பொருந்தவில்லை.

கண்ணாடிக் கூண்டில் காவலராக இருந்தது கயிற்றுக்காரரின் மனைவி.

அவள் அவரோடு பேசி ஒரு யுகம் ஆகிறது. மச்சினனிடம், "உங்கக்கா குறட்டைக்குக் கப்பலே ஒதுங்கிப் போகும்டா" என்று சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து சாப்பாடு ஆறுகிறது என்பதை அவள் மின்விசிறியிடம் சொல்கிறாள். கதவைச் சாத்தச் சொல்வது பீரோவிடம். வீட்டு மௌனத்தின் கனத்தில் ஜன்னல் கம்பியே வளைந்துவிட்டது.

ஆனால் விதி கேட்கச் சொல்கிறது. துறைமுகத் தலைவரையே தொப்பியைக் கழற்றவைத்து முகம் பார்த்தவள் அவள்.

முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல நிமிர்ந்தாள்.

"உங்க பேரு?"

சொன்னார். சொன்ன பெயர் யாருடையதோ போலப் பனியில் மிதந்து போனது. அவருக்குக் காலடியில் தரை இல்லை.

"பிறந்த தேதி?"

சொன்னார். இன்னொரு முறை பிறந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

"அங்க அடையாளம்?"

"வலது தோள்ல மச்சம்."

காவலர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. கயிற்றுக்காரர் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டார்.

"இருக்கு, இருக்கு" என்றாள், தலையைத் தூக்காமலே.

வரிசை குபீரென்று சிரித்தது.

அவள் விரல் ஒரு பொத்தான் மேல் போய் நின்றது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. துறைமுகமே மூச்சை நிறுத்தியது.

"காலையில சாப்டீங்களா?"

அந்தக் கேள்வி விதியில் இல்லை.

"இன்னும் இல்ல" என்றார், இரண்டு ஆள் சாப்பாட்டின் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

"கப்பலக் கட்டிட்டு வாங்க. சேந்து சாப்பிடலாம்."

கதவு திறந்தது. நடந்தாரா, பறந்தாரா என்று அவருக்கே தெரியாது.

உள்வாசலில் இன்னொரு இயந்திரம். பக்கத்தில் யாருமில்லை.

வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து அன்று முதல் தடவையாக வெளியே எடுத்தார். அட்டையில் பதிந்திருந்தது அந்தக் கையின் கட்டை விரல்தான்; வெளிவாசலில் மூன்று முறையும் வைத்தது இடது கை விரல்.

தொடுவதற்கு முன்பே பச்சை விளக்கு எரிந்தது.