மூன்றடிப் பாத்தி

சர்வேயர் தோல் உறையிலிருந்து டேப்பை இழுத்ததும், குழந்தைகள் தண்ணீர்க் குவளைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

இரும்பு டேப். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் துரு ஏறவிடாமல் எண்ணெய்த் துணியால் துடைத்துவைத்த டேப். காலையில் அதைக் கைப்பையில் போட்டபோதே மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமா, குழந்தைங்க ஸ்கூலுக்கு இது எதுக்கு?"

"எதுக்குன்னு அங்க வந்து பாரு."

மழலையர் பள்ளியின் பின்புறத்தில் இருபது பாத்திகள். பிள்ளைக்கு ஒன்று. வாரத்தில் மூன்று நாள் வகுப்பே அங்கேதான். விதையை எண்ணித்தான் கணக்கு, மண்ணில் குச்சியால் கீறித்தான் எழுத்து. பாத்திகளுக்கு நடுவே வேலி கிடையாது. வெறும் கூழாங்கல் வரிசை. முதல் குவளைத் தண்ணீரைப் பக்கத்துப் பிள்ளையின் பாத்திக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் பாத்திக்கு ஊற்ற வேண்டும் என்று டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

சர்வேயருக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. தம் பேத்தியின் பக்கத்துப் பாத்தி யாருடையது என்று தெரிந்த நாளிலிருந்து சாப்பாடும் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பேத்தி.

வீட்டில்தான் பக்கம் என்றால், இங்கேயுமா?

போதாததற்கு டீச்சர் ஒருநாள், "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னே நெனச்சேன் சார்" என்று சொல்லிவைத்தாள். சர்வேயர் குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று மழையும் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது என்று அந்த மனிதர் வழக்குப் போட்டார். "இந்தக் கை அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை" என்று சர்வேயர் கூண்டில் நின்று சத்தியம் செய்தார். அளக்கத் தெரிந்தவரின் சொல் எடுபட்டது. ஜெயித்தார்.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. சர்வேயர் மகனின் கல்யாணத்தன்று, சம்பந்தி வீட்டார் காரிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து, மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"நல்ல குடும்பம்தாங்க. அந்த வீட்டுல மட்டும் கல்லுக்குக்கூடக் கால் முளைக்கும், பாத்துக்குங்க."

சம்பந்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து சர்வேயரின் தொண்டையில் முள்ளாக நின்றது.

போன வாரம், பேத்தியை விட வந்தபோது அதை எடுத்தெறிய வழி கிடைத்தது. இரண்டு பாத்திக்கும் நடுவிலிருந்த கூழாங்கல் வரிசை குழாயடி ஓரம் வளைந்திருந்தது. வளைந்திருக்கிறது என்று கண் சொன்னது. எந்தப் பக்கம் என்பதை வயிற்றெரிச்சல் சொன்னது.

இன்று குடும்ப நாள். எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. எதிரே அந்த மனிதரும் தம் பேத்தியின் கையைப் பிடித்தபடி, சர்வேயரைப் போலவே முதுகு வளையாமல் நின்றிருந்தார்.

"யாரு வீட்டுக் கல்லுக்குக் கால் முளைச்சிருக்குன்னு எல்லாரும் நல்லாப் பாருங்க" என்றார் சர்வேயர். "டீச்சர், ஒரு பாத்தி எத்தனை அடி?"

"எல்லாமே மூணு அடி அகலம்தான் சார். விடுங்களேன், பிள்ளைங்க கல்லுதானே..."

"கல்லு கல்லுதாம்மா. அளவை நீங்களே படிங்க. நான் படிச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

தம் பேத்தியின் பாத்திக்குக் குறுக்கே டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். டீச்சர் குனிந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"மூணு அடி... நாலு அங்குலம்."

யாரோ செருமினார்கள்.

சர்வேயர் டேப்பைத் தளர்த்தி மறுபடி இழுத்தார். இரும்பு டேப் பேச்சை மாற்றவில்லை. அப்புறம் பக்கத்துப் பாத்தியை அளக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அளந்தார். இரண்டு அடி எட்டு அங்குலம்.

"பந்து கிந்து பட்டு நகர்ந்திருக்கும் சார்" என்றாள் டீச்சர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சர்வேயரின் பேத்திக்குப் பொறுக்கவில்லை. தன் சாமர்த்தியத்தை ஒரு பந்து தட்டிக்கொண்டு போவதா?

"பந்து இல்ல மிஸ், நான்தான்! தாத்தா சொன்ன கதையில ராஜா செய்வாரே, அதே மாதிரி!" செருப்பை உதறிவிட்டு, கட்டைவிரலால் ஒரு கல்லை மெல்ல உந்திக் காட்டினாள். "காலாலதான் தள்ளணும். அப்பதான் கையால தொடலன்னு சத்தியம் பண்ணலாம்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சர்வேயர் டேப்பைச் சுற்றத் தொடங்கினார். பாதியில் அது நின்றுவிட்டது. மறுமுனையைப் பக்கத்து வீட்டுக்காரரின் கை பிடித்திருந்தது.

"சுத்தாதீங்கண்ணே. வீட்டுக்குப் போனதும் எனக்கு அது வேணும்."

பதினோரு வருஷம் கழித்து அவரிடம் பேசுகிற குரல். வயதேறியதில் அது அச்சு அசலாக அவர்கள் இரண்டு பேருடைய அப்பாவின் குரலாகியிருந்தது.