அவரே திருத்தட்டும்

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ். சரிதானேங்க?"

சுவருக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுபடியும் ஆரம்பித்தாயிற்று!

அந்த அடுக்குமாடிக்கு அவள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவின் இங்கிலீஷ் அத்தனையும் மனப்பாடம். காலையில் 'ஹீ டோன்ட் நோ'. மத்தியானம் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் கமிங்'. சாயங்காலம் 'வி டிஸ்கஸ்டு அபௌட் இட்'. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'சரிதானேங்க?'. அந்த வீட்டுக்காரரிடமிருந்து பதில் மட்டும் வந்ததே கிடையாது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திப் பிழைக்கிறவளுக்கு இது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. பொறுக்கமாட்டாமல் அன்றைக்குப் போய் அழைப்பு மணியை அழுத்திவிட்டாள்.

அக்கா சிரித்த முகமாகத்தான் கதவைத் திறந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அவள் கணவர், சலவைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக மிடுக்காக உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள். வந்தவளை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. 'ஐ ஆம் ஹேவிங்'னு சொல்லக் கூடாது. 'ஐ ஹேவ்'னு..."

"ஐயோ, நீங்க சொல்லாதீங்க!" அக்கா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அவரே திருத்தட்டும்."

"எப்போக்கா திருத்துவார்? நானும் வந்த நாள்லேருந்து கேட்டுட்டுதானே இருக்கேன். ஃபீஸெல்லாம் வேண்டாம், நானே சொல்லித்தரேன். ரெண்டே மாசத்துல பொளந்து கட்டலாம்."

"எனக்கு அவர்தான் சொல்லணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு மேல் பேச்சுக்கு இடம் வைக்காத குரல். சொன்ன கையோடு கணவர் பக்கம் திரும்பினாள். "எஸ்டர்டே ஐ ஹேவ் கான் டு த பேங்க். சரிதானேங்க?"

அவர் முகம் சிவந்தது. தாடை இறுகியது. செய்தித்தாளைக் கசக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிச்ச மிதப்பைப் பாரேன்!

"சார், நீங்க வயசுல பெரியவர். இருந்தாலும் கேக்கறேன். அவங்க எவ்வளவு ஆசையா கேக்கறாங்க! ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அவர் கண்ணைத் திறந்தார். நீர் கோத்திருந்தது. கோபத்தில்தான் என்று நினைத்தாள் டீச்சர்.

"நீங்க சும்மா இருங்கம்மா" என்ற அக்கா, நாற்காலிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எஸ்டர்டே த டாக்டர் டிட் நாட் கேம்."

அவர் தலையை ஆட்டினார், போதும் என்பது போல.

"டிட் நாட் கேம்."

நாற்காலிக் கையை ஓங்கி அறைந்தார். டீச்சர் ஓரடி பின்வாங்கினாள். அக்கா இம்மியும் அசையவில்லை.

"த டாக்டர்... டிட்... நாட்... கேம்!"

"க..." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "க... க... கம்!"

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். 'இந்த ஒரு வார்த்தைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று டீச்சர் நினைத்து முடிப்பதற்குள், அக்கா எழுந்து ஓடி ஃபோனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். அடுத்த நிமிடம் அவள் வாயிலிருந்து பொழிந்ததும் இங்கிலீஷ்தான். மடை திறந்த மாதிரி. தேடினாலும் ஒரு பிசிறு கிடைக்காது.

ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்:

"பக்கவாதம் வந்தப்போ போன பேச்சும்மா, இன்னிக்குத்தான் முதல் வார்த்தை! மருந்து செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, இனிமே பேசியே ஆகணும்ங்கற வெறி அவருக்கே வரணும்னு டாக்டர் சொன்னார். தப்பான இங்கிலீஷைக் கேட்டா இவர் தூக்கத்துலகூட எழுந்து திருத்துவார்னு, இவர்கூடவே ஒரே காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தின எனக்குத் தெரியாதா?"