பச்சை விளக்கு

விந்தணு எண்ணிக்கை குறைவு, எண்ணெய்ப் பண்டத்துக்குத் தடை என்று அரசுக் கணக்கில் பதிவானதிலிருந்து விருதுநகரில் எந்தக் கடையும் முகிலனுக்குப் பரோட்டா கொடுத்ததில்லை. கல்லாவில் இருக்கும் ரேகை மெஷினில் விரல் வைத்தால் நாலு பேர் பார்க்கச் சிவப்பு விளக்கு எரியும். வழக்கமான கடையில் மாஸ்டர் சுடலை ஒன்றும் கேட்காமல் கேழ்வரகுத் தோசையும் சுட்ட மீனும் வைத்துவிடுவார். பக்கத்து மேசையின் எண்ணெய்ப் பரோட்டா வாசனையைத் தொட்டுக்கொண்டுதான் முகிலன் அதைச் சாப்பிடுவான்.

அன்று சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது.

"மெஷின் ரிப்பேராண்ணே?"

சுடலை எட்டிப் பார்த்தார். "ரிப்பேர் இல்ல தம்பி, தடையை எடுத்துட்டாங்க. வீட்டுல பிள்ளை உண்டானாத்தான் எடுப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. காலையில் டாக்டரிடம் போன மனைவி ஓவியா இன்னும் போன் செய்யவில்லை. நேரில் சொல்லக் காத்திருக்கிறாள்.

சுடலை பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினார். முகிலன் தொடவில்லை. வாயில் வாசனை அடித்தால், அவனுக்கு முன்பே தெரியும் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"நாளைக்கு வாரேண்ணே" என்று எழுந்தவன், வழியெல்லாம் ஒன்றும் தெரியாதவன்போல ஆச்சரியப்படப் பழகிக்கொண்டே போனான்.

கதவைத் திறந்தாள் ஓவியா. அவனை உட்காரவைத்து, தட்டில் ஒரு பார்சலைப் பிரித்தாள். இரண்டு எண்ணெய்ப் பரோட்டா.

"சாப்பிடுங்க" என்றாள். "நான் விரல் வைக்கச் சொல்ல மாட்டேன்."

பழகி வந்த ஆச்சரியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதல் துண்டைப் பிய்த்த முகிலன், பிள்ளைக்கு என்று அதை ஓவியாவின் வாயில் வைத்தான்.