வில்லனுக்கு ஒரு மகுடம்

லாரி கடக்கையில் சன்னல் கம்பி அதிர்கிறது. சத்யப்பிரியாவின் கை பிசகவில்லை. தான் வரையும் காமிக்ஸில், கடலை ஆளும் வில்லன் கூட்டத்தின் தலைவனுக்குச் செதில் செதிலாக நீலம் தீட்டுகிறாள். சுறாவும் திருக்கையும் நண்டும் அரைகுறையாகக் காத்திருக்கின்றன. ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையிலிருந்து வந்த கணவன் கலைச்செல்வன், இமையில் தூசியோடு பின்னால் நிற்கிறான். அந்தத் தலைவனின் மோவாய்க் குழியை அவனுக்குத் தெரியும்; அவளோடு கல்லூரியில் படித்த அறிவரசனுடையது. தலையில் இருக்கும் மகுடமோ, சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து இவன் அவளுக்காகக் கொண்டுவந்த கல்லாய்ப்போன நத்தை. மாதிரிக்காக அது மேசையில், நீலம் கலங்கிய கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "ஹீரோ யாரு மாதிரி?" என்கிறான். "நீங்கதான். காலையிலயே முடிச்சுட்டேன்," என்கிறாள், திரும்பாமல். அவன் நத்தையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.