மூன்று படி ஸ்டூல்

கூரை மூட மறுத்தது.

லிஃப்ட் மெக்கானிக் கன்ட்ரோல் பெட்டியின் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினான். வீட்டுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் குவிமாடத்துக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி. கூரையின் பிளவு வாயைப் பிளந்தபடியே இருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து தெரிந்தது. ஆள் உள்ளே. 28 கிலோ.

உள்ளே ஈ காக்கை இல்லை.

வானம் பார்க்க அவனே கட்டிய குவிமாடம், எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை அது. மழைத் துளி பட்டால் கூரை தானே மூடும், மேகம் கலைந்தால் தானே திறக்கும், தொலைநோக்கி எந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தானே திரும்பும். கண்ணை வைத்துப் பார்க்கவும் ஆள் வேண்டாம். கேமரா படம் பிடித்து வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு அனுப்பிவிடும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, வானத்துக்கே லிஃப்ட் விடப்போகிறாயா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

அந்தக் கேலியில் பாதி நிஜம்தான். லிஃப்டோடு இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் மட்டும் விடாது. ஆள் நிற்கிற இடத்தில் எதுவும் தானாக மூடக் கூடாது. அதனால் தொலைநோக்கிக்குத் தனியாக ஒரு கான்கிரீட் தூண் போட்டான். தூணைத் தொடாமல் சுற்றிலும் பலகைத் தளம் அமைத்து, லிஃப்டில் மாட்டுகிற எடை சென்சார்கள் நான்கை அதன் அடியில் மாட்டினான். தளத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் எது நின்றாலும் மழையே பெய்தாலும் கூரை அசையாது. வானம் பார்க்கிறவர்கள் வேறு யாரும் இந்தக் கூத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது தளத்தில் இருந்தது ஒரு ஸ்டூல் மட்டும்தான். மூன்று படி வைத்த குட்டி ஸ்டூல். அதன் எடையையும் கழித்துத்தான் காலையில் பூஜ்யம் வைத்திருந்தான்.

ஆளே வேண்டாத இடத்தில் ஸ்டூல் எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. மகள் வரைந்த படத்தில் அது இருந்தது. அந்தப் படத்தைக் கன்ட்ரோல் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தான். முட்டை ஓடு மாதிரி ஒரு வீடு, அதற்குள் ஒரு பெரிய குழாய், குழாயடியில் மூன்று படி, மேல்படியில் ரெட்டைச் சடையோடு அவள். கட்டித் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் இருந்தவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அது இன்றும் அவனை அரித்தது.

சென்சார் மக்கர் செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். பலகைக்கும் சுவருக்கும் இடையே விரலை ஓட்டினான். எதுவும் சிக்கவில்லை. டார்ச் அடித்து அடியில் பார்த்தான். ஒரு பூனைகூட இல்லை. வேலைக்குக் கொண்டுபோகிற இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வந்து, வெளியே நின்றபடியே தளத்தில் வைத்தான்.

48.

எடுத்தான்.

28.

சென்சார் தங்கமாக வேலை செய்தது.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் லிஃப்ட்காரனுக்குத் தெரியும். மூட்டை ஏற்றினால் எண் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஆள் ஏறினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுகிறவர்கள் சும்மா நிற்பதில்லை.

27.9. 28.1. 28.0. 28.1.

முதல் துளி அவன் புறங்கையில் விழுந்தது. தொலைநோக்கியின் கண்ணாடி நனைந்தால் எட்டு மாதமும் வீண். பூஜ்யம் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். உள்ளே இருக்கிற எடையை இயந்திரம் மறந்துவிடும், கூரை மூடிக்கொள்ளும். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான்.

பொத்தானில் விரலை வைத்தான்.

துணி எடுக்கக் குடையோடு வெளியே வந்த மனைவி, அவன் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தாள்.

“பத்தொன்பதுதானே இருந்தா,” என்றாள்.

அந்த எண் அவனுக்கும் மனப்பாடம். எடையைப் பார்த்துத்தான் மருந்து அளக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் மகளை நிறுத்தி எடை பார்த்தார்கள். கடைசிச் சீட்டில் பத்தொன்பது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

அது நடந்து மூன்று வருடம்.

ஏழும் மூன்றும் பத்து என்று அவன் மனம் தானாகக் கூட்டியது.

பூஜ்யத்திலிருந்து விரலை எடுத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. திறந்த கூரை வழியாகத் தொலைநோக்கியின் மேல் தண்ணீர் வழிந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி உள்ளே கால் வைக்காமல், வாசலில் நின்றபடியே கையை எட்டும் மட்டும் நீட்டி, ஸ்டூலின் மேல்படிக்கு நேராகக் குடையைப் பிடித்தாள். குடை நகரவில்லை.

27.9. 28.1. 28.0.

“ஒரு படியக் கழட்டிடணும்,” என்றான் அவன், தண்ணீர் சொட்டச் சொட்ட. “இப்போ அவளுக்கு ரெண்டு போதும்.”